ரேடியோ வாய்மூடிய ஐந்து நிமிடம்

அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பேர் வைத்தது யார் என்பதில் குடும்பத்துக்குள் இரண்டு கட்சி. அம்மா தான்தான் வைத்தேன் என்பாள். சின்ன மாமா தான் வைத்ததை அக்கா அமுக்கிக்கொண்டாள் என்பார். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒற்றுமை. பிறந்ததும் மற்றக் குழந்தைகள் அழும், அவ்வளவுதான். இவள் அழுது முடித்துவிட்டு, ஏன் அழுதேன் என்று விளக்கமும் கொடுத்தாள் என்பார்கள்.

வளர்ந்து சுகாதாரத் துறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்து வருஷம் வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு எண்ணுகிற வேலை. எண்ணும்போதும் வாய் ஓயாது. மூச்சு விடத்தான் புழு மேலே வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. இவள் தொட்டிகளில் மட்டும் கதை கேட்க வந்தது என்று கூட வேலை பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள்.

அப்படிப்பட்டவளை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. பொது சுகாதார ஆராய்ச்சிக்கு உதவியாளர் வேண்டுமாம். கம்ப்யூட்டர் வழியாக நேர்முகத் தேர்வு. "இந்த வேலைக்கு ஏன் வர நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். கேட்ட மூன்று பேரில் ஒருவர் எழுந்து போய், மதியச் சாப்பாட்டை முடித்து, கை கழுவித் திரும்பி வந்தபோது ரேடியோ இரண்டாவது காரணத்தில் இருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. பூட்டிய கதவைத் திறக்க வைக்கிற ஆள்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. இவள் வாசலில் நின்று பேசினால் கதவென்ன, சுவரே வழிவிடும்.

ஆராய்ச்சி இதுதான். ஊருக்கு நடுவே ஆறு வண்டி பக்கம் பக்கமாகப் போகிற பெரிய சாலை. இரண்டு பக்கமும் எட்டு மாடிக் குடியிருப்புகள். பாதி வீடுகளின் படுக்கையறை சாலையைப் பார்த்திருக்கும், மீதி வீடுகளுடையது பின்பக்க முற்றத்தைப் பார்த்திருக்கும். சாலை இரைச்சல் மனுஷனுடைய ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறதா? எண்ணூறு வீடு, நாலு உதவியாளர்கள், ஆளுக்கு இருநூறு. வீட்டுக்காரரை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, கையை மேசைமேல் நீட்டச் சொல்லி, ஐந்து நிமிஷம் ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் பேசக் கூடாது. பிறகு கையில் பட்டையைக் கட்டி, ஒரு நிமிஷ இடைவெளி விட்டு மூன்று தடவை அளக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அறுபத்திரண்டு கேள்விகள். இதெல்லாம் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அங்கே எல்லோரும் பேசியது அந்த நாட்டுப் பாஷை. ரேடியோ அதைக் காதில் வாங்கும்போதே தமிழாக்கிக்கொள்வாள். நாமும் தமிழிலேயே கேட்போம்.

இருநூறு வீடும் முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை, பேராசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். மூன்றாவது மாடி, ஜன்னலோரம் மூன்று இலை மட்டும் உள்ள ஒரு தொட்டிச் செடி. அறையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் புள்ளியியல் பார்ப்பவர். ரேடியோ அவருக்குப் புள்ளிக்காரர் என்று பேர் வைத்திருந்தாள். பனைமரத்தை உலர்த்தி எடுத்த மாதிரி உருவம். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்பது அலுவலகத்து நம்பிக்கை. இன்னொருவர் மூத்த உதவியாளர். ரேடியோ ஒரு நாளைக்கு மூன்று வீடு முடித்தால் இவர் ஆறு முடிப்பார். அதனால் அவர் பேர் புயல்.

பேராசிரியை ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்தார். நாலு உதவியாளர்களுக்கும் ஆளுக்கு ஒன்றாக நாலு கம்பம் வரைந்திருந்தது. மூன்று அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரம். ஒன்று மட்டும் குட்டை.

"இந்தக் குட்டை யாரு மேடம்?"

"நீங்கதான்."

"ஃபோட்டோவுல நான் எப்பவும் அப்படித்தான் விழுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. புள்ளிக்காரர் தொண்டையைச் செருமினார். "நீங்க அளந்தவங்களுக்கு மட்டும் சராசரி பிரஷர் பத்துப் புள்ளி கம்மியா இருக்கு. ரோட்டுப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் கம்மி. மத்த மூணு பேரும் முற்றத்துப் பக்கம் அளந்ததைவிட, நீங்க ரோட்டுப் பக்கம் அளந்தது கம்மி."

"நல்ல விஷயம்தானே சார். ஜனங்க சௌக்கியமா இருக்காங்க."

"வீட்டுக்கே போகாம, ஒரு இடத்துல உட்கார்ந்து மனசுக்குத் தோணின எண்ணை எழுதினாலும் இப்படித்தான் வரும்."

இப்போது ரேடியோவுக்குப் புரிந்தது. காது மடல் சூடானது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "சார், நான் ஒண்ணைப் பத்தா சொல்லுவேன், இல்லேங்கல. ஆனா அது வாயில. ஃபாரத்துல எழுதறப்ப ஒண்ணு ஒண்ணுதான்."

"அஞ்சு நிமிஷம் ஓய்வு கொடுத்தீங்களா?" என்றார் பேராசிரியை.

"கொடுத்தேன் மேடம்."

"பேசாம?"

"பேசாம."

புயலுக்கு இருமல் வந்தது. இருமல் மாதிரி ஆரம்பித்துச் சிரிப்பாக முடிந்தது. "மன்னிச்சுக்கோங்க மேடம். இவங்களோட ஒரு தடவை லிஃப்டுல போனேன். ரெண்டு மாடி ஏறி முடிக்கிறதுக்குள்ள இவங்க சித்தி கல்யாணம் மொத்தமும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சித்தப்பா செருப்பைத் தொலைச்சது வரைக்கும்."

"அது பாதிதான். மீதியைக் கேக்காம இறங்கிட்டீங்க," என்றாள் ரேடியோ.

பேராசிரியை நல்ல மனுஷி. சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். நாலு பேருடைய ஒப்பந்தமும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அடுத்த இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். சந்தேகத்தில் நிற்கிற பேரில் அவர் கையெழுத்துப் போட முடியாது.

ஒப்பந்தம் போனால் விசா போச்சு. விசா போனால் குடியிருக்கிற வீடு போச்சு, கூட வந்த கணவருடைய வேலையும் போச்சு. குடும்பம் மொத்தமும் அவள் வேலை என்கிற ஒற்றை ஆணியில் சட்டை மாதிரி மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியோ எழுந்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு மேடம்? வியாழக்கிழமையே தெளிவாக்கிடறேன்."

எப்படித் தெளிவாக்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். விடியற்காலையில் கிளம்பி, கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு மதியமே வந்துவிடுவார். அவர் வந்தால் பின்னாலேயே வெந்த மாவு வாசனையும் வரும். அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே நடந்ததைக் கேட்டார். கேட்கும்வரை முகம் கவலையாகத்தான் இருந்தது. ஐந்து நிமிஷம் என்ற இடம் வந்ததும் டீ மூக்கில் ஏறிவிட்டது.

"சிரிக்காதீங்க. வேலை போகுதுன்னு சொல்றேன்."

"இல்லம்மா, கவலைதான். கவலைப்பட்டுக்கிட்டேதான் சிரிக்கறேன். அஞ்சு நிமிஷம், நீ, பேசாம. நீ தூங்கறப்பவே பேசற. போன வாரம் தூக்கத்துல யாருக்கோ வழி சொன்ன. வலது பக்கம் திரும்புங்கன்ன. நான் திரும்பிப் படுத்தேன்."

அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அம்மா கேட்ட முதல் கேள்வி: "அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தியா? உடம்புக்கு என்னடி?"

பெற்றவளும் நம்பவில்லை, கட்டியவரும் நம்பவில்லை. ரேடியோ ஃபோனை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து மேசை எதிரே போட்டாள். "உட்காருங்க. சாஞ்சு. காலைத் தரையில வைங்க. அஞ்சு நிமிஷம். பாத்துட்டுச் சொல்லுங்க."

டைமரைத் திருகினாள். எதிரே உட்கார்ந்தாள். வாய் மூடியது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. சீண்டிப் பார்த்தார். "உங்கம்மா சமையல் சுமார்தான்."

பதில் இல்லை.

"உன் தம்பிக்கு முன்னந்தலை வெளிச்சமாயிட்டு வருது."

பதில் இல்லை. ஆனால் வலது கை மட்டும் தானாக நகர்ந்து, மேசைமேல் கிடந்த ரொட்டிக் கணக்குச் சீட்டு ஒன்றை இழுத்து, பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தது. அவளுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. கண் பாட்டுக்கு வீட்டைச் சுற்றியது, கை பாட்டுக்கு எழுதியது.

டைமர் அடித்தது.

"எங்கம்மா சமையலைச் சொல்ல உங்களுக்கு என்ன யோக்கியதை? முட்டையை வேகவைக்கச் சொன்னா அடுப்போட சண்டை போடறவர்."

வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். *குழாய் சொட்டுகிறது, நிமிஷத்துக்குப் பதினாறு. நாலு நாளாகச் சொல்கிறேன். மேல்வீட்டுக்காரர் இரண்டு தடவை நாற்காலியை இழுத்தார். என் எதிரில் இருப்பவர் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை.*

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். பொத்தான் இல்லைதான்.

"பேசாம இருந்தேன்னா இதென்ன? வாயால பேசல, கையால பேசியிருக்க. போற வீட்டுலெல்லாம் இப்படியா எழுதித் தள்ளுவ?"

"ஆமா. ஃபாரத்துல கடைசியா குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாம..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். ஒரு வாக்கியத்தை அவள் நடுவில் நிறுத்தியதைக் கல்யாணமான நாள் முதல் அவர் பார்த்ததில்லை.

"ஏங்க," என்றாள். "இருநூறு வீட்டுக் குறிப்பும் ஆபீஸ்லதாங்க இருக்கு."

புதன்கிழமை காலையில் கீழ்த்தளத்துப் பதிவு அறையின் கதவைத் திறந்தது ரேடியோதான். படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண்மணியை அவள் டேட்டா அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு சொன்னாள், "குறிப்புக் கட்டத்தை நான் ஏத்தவே இல்ல. கம்ப்யூட்டர்ல அதுக்கு இடமே வைக்கல. மத்தவங்க எல்லாம் ஒண்ணுமில்லைன்னு எழுதுவாங்க. நீ எழுதினதை மட்டும் படிச்சுச் சிரிச்சுட்டு ஃபைல்ல போட்டுருவேன்."

"இத்தனை மாசமாப் படிச்சீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா."

"சொன்னா நீ பேச ஆரம்பிச்சிருவியே."

படிவம் நிறைந்த இரண்டு பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு, ரேடியோ புள்ளிக்காரருடைய மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் சந்தேகத்தோடுதான் ஒன்றை எடுத்தார்.

படிவம் பதினேழு: *சுவரில் மூன்று கடிகாரம். மூன்றும் மூன்று நேரம். நடுவில் இருப்பதை நம்புகிறார்கள்.*

படிவம் ஐம்பத்தெட்டு: *ஃப்ரிட்ஜ் இரண்டு தடவை உறுமியது. வீட்டுக்காரர் இரண்டு தடவையும் அதை முறைத்தார்.*

படிவம் தொண்ணூற்றொன்று: *எதிரே பூனை. ஐந்து நிமிஷமும் என்னையே பார்த்தது. நான்தான் முதலில் கண்ணை இமைத்தேன்.*

புள்ளிக்காரருடைய உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. டேட்டா அக்கா பயந்து இரண்டடி பின்னால் போனாள். ஆனால் அது சிரிப்பு வரை போகவில்லை. அடுத்த படிவத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

படிவம் நூற்று முப்பத்து மூன்று: *நேரம் 10.20 முதல் 10.25. ஜன்னல் வழியாக எண்ணியது: லாரி 41, பஸ் 6, ஹார்ன் 19.*

"வண்டியெல்லாம் எண்ணினீங்களா?"

"பேசாம இருக்கணுமே சார். வேற என்ன பண்றது? பத்து வருஷம் கொசுப்புழு எண்ணினவ நான். புழுவைவிட லாரி பெருசு."

"ரோட்டுப் பக்க வீடு எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அந்தச் சாலைக்கு அடியில் வண்டிகளை எண்ணுகிற கருவி ஒன்றைப் புதைத்திருந்தார்கள். அதன் கணக்கு நிமிஷ வாரியாகப் புள்ளிக்காரரிடம் இருந்தது. அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. ரேடியோ எழுதிய நேரத்தையும் எண்ணிக்கையையும் கருவியோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பேனாவை வைத்தார்.

"ஒண்ணு ரெண்டு வித்தியாசம். அதுவும் கருவி ரெண்டு மோட்டார் சைக்கிளை ஒரு லாரின்னு எண்ணியிருக்கும். நீங்க வீட்டுக்குப் போயிருக்கீங்க. வாயை மூடிக்கிட்டும் இருந்திருக்கீங்க. ஒத்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அப்ப உங்களோடது ஏன் கம்மி?"

"என்னோடது கம்மி இல்ல சார். மத்தவங்களோடதுதான் ஜாஸ்தி. கையேட்டுப்படி அளந்தா ஒரு நாளைக்கு ஆறு வீடு முடியவே முடியாது. நாளைக்கு நானும் புயல் சாரும் ஒரே ஆளை அளக்கறோம். நீங்க நின்னு பாருங்க."

புயலுக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. தன் வேகத்தைப் பெரியவர்கள் பார்க்கட்டும் என்றுதான் வந்தார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் வீடு. நாலாவது மாடி, சாலைப் பக்கம். அந்த வீட்டில் இருந்தவர் முடி திருத்துகிறவர். புயல் அவரை உட்கார வைத்தார், பட்டையைக் கட்டினார், டைமரைத் திருகினார், அதே மூச்சில் படிவத்தையும் பிரித்தார்.

"ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வருது?"

முடி திருத்துகிறவர் விரல்விட்டு எண்ணினார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா?"

"அண்ணனுக்கு. ஏன், எனக்கும் வரும்னு சொல்றீங்களா?"

"சும்மா கேள்விதான். வேலை போயிடும்னு பயம் உண்டா?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

டைமர் அடித்தது. நூற்று நாற்பத்தாறு காட்டியது. புயல் பெருமையோடு புள்ளிக்காரரைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷ ஓய்வுலயே கேள்வியையும் முடிச்சிடறேன் சார். வீட்டுக்கு அரை மணி மிச்சம். மத்த ரெண்டு பேருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

புள்ளிக்காரர் கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

பிறகு ரேடியோ. "கழிப்பறைக்குப் போகணும்னா முதல்ல போயிட்டு வந்திடுங்கண்ணா. அடக்கிட்டு உட்கார்ந்தா மெஷின் காட்டிக்கொடுத்துடும்." அவர் போய்விட்டு வந்தார். சாய வைத்தாள். டைமர் ஓடியது. சாலையில் லாரிகள் மட்டும் பேசின. முடி திருத்துகிறவருடைய தோள் மெல்ல இறங்கியது. நூற்று முப்பத்திரண்டு.

"ரெண்டாவது தடவை அளந்தா யாருக்கும் குறையும்," என்றார் புள்ளிக்காரர்.

"தெரியும் சார். அதான் அடுத்த வீட்டுல நான் முதல்ல, அவரு ரெண்டாவது."

அடுத்த வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. ரேடியோ முதலில் அளந்தாள்: நூற்றுப் பதினெட்டு. புயல் பிறகு கேள்வியோடு அளந்தார்: நூற்று இருபத்தொன்பது.

"ரெண்டு வீடு பத்தாது," என்றார் புள்ளிக்காரர்.

"அதுவும் தெரியும் சார். இன்னும் எட்டு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

பத்து வீடும் முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. ஐந்து வீட்டில் ரேடியோ முதல், ஐந்து வீட்டில் புயல் முதல். பத்திலும் ஒரே கதை. லிஃப்டில் இறங்கும்போது புயல் தன் காலணியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வேணும்னு பண்ணல," என்றார்.

"தெரியாதா எனக்கு? நீங்க வேகமான மனுஷன். உங்களை ஓய்வுன்னு உட்கார வெச்சாலே உங்களுக்குப் பிரஷர் ஏறும்." அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்ததைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "ரோட்டுச் சத்தம் மனுஷனை என்ன பண்ணுதுன்னு பாக்க வந்தோம் சார். ரோட்டைவிடப் பெரிய சத்தம் நம்மகிட்டதான் இருந்திருக்கு. அது இருக்கட்டும், சித்தப்பா செருப்பு எங்க கிடைச்சதுன்னு கேக்கவே இல்லியே."

"எங்க கிடைச்சது?"

தரைத்தளம் வந்துவிட்டது. புயல் அவசரம் எதுவும் இல்லாமல் நின்று முழுக் கதையையும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடியும் மூன்று இலைச் செடி உள்ள அறை. மேசைமேல் ஒரு பழுப்பு உறை. மேலே ரேடியோவுடைய பேர். உறை ஒட்டியிருந்தது. பேராசிரியை அதன்மேல் கையை வைத்திருந்தார்.

"மேடம், அது..." என்று ரேடியோ ஆரம்பித்தாள்.

"முதல்ல எனக்கு அளந்து காட்டுங்க. கையேட்டுல இருக்கிற மாதிரி. எண்ணூறு வீட்டுக்கு ஆள் அனுப்பினேன், ஒரு தடவைகூட நான் அந்த நாற்காலியில உட்கார்ந்து பாக்கல."

வேறு வழி இல்லை. ரேடியோ அவரைச் சாய வைத்தாள், காலைத் தரையில் வைக்கச் சொன்னாள், கையை மேசைமேல் நீட்டச் சொன்னாள். நீட்டிய கைக்குப் பக்கத்திலேயே உறை. புள்ளிக்காரர் டைமரைத் திருகினார்.

அப்படி ஒரு ஐந்து நிமிஷம் உலகத்தில் அதற்கு முன்னால் ஓடியதில்லை. முதல் நிமிஷத்தில் ரேடியோவுடைய தலைமுடியில் ஒன்று நரைத்தது. இரண்டாவது நிமிஷத்தில் தொண்டைக்குள் எழுபது கேள்விகள் வரிசையில் நின்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. புதுப்பித்துவிட்டார்களா, கைவிட்டுவிட்டார்களா? உறை தடிமனா, மெலிசா? வேண்டாம் என்று சொல்ல ஒரு தாள் போதும், வேண்டும் என்று சொல்லத்தான் நாலு தாள் வேண்டும். ஓரத்தை எட்டிப் பார்த்தாள். பேராசிரியையின் சுண்டுவிரல் மறைத்தது. மூன்றாவது நிமிஷத்தில் கை தானாகப் பேனாவை எடுத்தது. நாலாவது நிமிஷத்தில் செடியின் இலைகளை எண்ணினாள். மூன்றுதான். மறுபடி எண்ணினாள். வாய் திறக்கவில்லை.

டைமர் அடித்தது. பட்டை ஊதி இறங்கியது. நூற்று இருபத்தொன்று.

"இப்ப கேக்கலாமா மேடம்?"

"மூணு தடவை அளக்கணும்," என்றார் புள்ளிக்காரர். "நடுவுல ஒவ்வொரு நிமிஷம்."

ரேடியோ அவரைப் பார்த்த பார்வையில் இன்னொருவராக இருந்தால் தீய்ந்து போயிருப்பார். வாயை மட்டும் திறக்கவில்லை. நூற்றுப் பத்தொன்பது. ஒரு நிமிஷம். நூற்றுப் பதினெட்டு.

பேராசிரியை பட்டையைக் கழற்றிவிட்டு உறையை அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டு வருஷம். காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டேன். மத்த மூணு பேரோட ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கறேன், ஆனா அவங்க அறுநூறு வீட்டையும் திரும்ப அளக்கணும். அதுக்கு முன்னாடி எப்படிப் பேசாம இருக்கிறதுன்னு நீங்க அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும். எவ்வளவு நேரம் வேணும்?"

"பேசாம இருக்கிறதைப் பத்தியா மேடம்? சுருக்கமாச் சொன்னா மூணு மணி நேரம்."

புள்ளிக்காரர் படிவத்தை எடுத்தார். குறிப்புக் கட்டத்தில் மை இன்னும் காயவில்லை. வாய்க்குள்ளேயே படித்தார், பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த இரண்டு பேரும் இன்றுவரை சௌக்கியமாகவே இருக்கிறார்கள். அவர் படித்தது இதுதான்:

*செடியில் மூன்று இலை. உறையில் எத்தனை தாள் என்று தெரியவில்லை. அளக்கப்படுகிறவர் அமைதியாக இருக்கிறார். அளக்கிறவளுடைய கையில் அந்தப் பட்டையைக் கட்டினால் மெஷின் வெடிக்கும்.*